பல எபிசோடுகளில் ஓர் உண்மைக் கதை: புலனாய்வு பாட்காஸ்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புலனாய்வு பாட்காஸ்டுக்கும் சாதாரண கிரைம் பாட்காஸ்டுக்கும் என்ன வித்தியாசம்?

பழைய செய்திகளையும் புத்தகங்களையும் படித்துவிட்டு இருவர் உட்கார்ந்து சம்பவத்தை விவரித்தால் அது மறுபடி சொல்வது. கேட்கச் சுவையாக இருக்கலாம், ஆனால் புதிதாக எதுவும் தெரியவராது. புலனாய்வில் நிருபரே ஆவணத்தைத் தேடி எடுக்கிறார், சாட்சியை நேரில் போய்ப் பார்க்கிறார், முன்பு யாரும் கேட்காததைக் கேட்கிறார். பொருள் கொலையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நிதி மோசடி, மருத்துவ அலட்சியம், உறைவிடப் பள்ளிக் கொடுமை என்று எதுவாகவும் இருக்கலாம். உங்கள் தொடரிலிருந்து ஏற்கெனவே அச்சில் வந்த தகவல்கள் அத்தனையையும் கழித்துவிட்டுப் பாருங்கள். மிஞ்சுவது ஒரு எபிசோடுக்குக் கூடத் தேறாவிட்டால் இன்னும் வேலை தொடங்கவில்லை என்று பொருள்.

இந்த வடிவத்தைப் பழக எந்தத் தொடர்களைக் கேட்கலாம்?

2014 அக்டோபரில் வந்த 'சீரியல்' முதல் சீசனிலிருந்து தொடங்குங்கள். பால்டிமோர் பகுதியில் 1999-இல் நடந்த மாணவி கொலை, அதில் தண்டிக்கப்பட்ட அட்னான் சையத் ஆகியவற்றைப் பற்றி 12 எபிசோடுகள். ஆவணம் தேடும் உழைப்புக்கு 'இன் தி டார்க்' இரண்டாம் சீசன் (2018). மிசிசிப்பியில் ஒரே வழக்கில் ஆறு முறை விசாரிக்கப்பட்ட கர்டிஸ் ஃபிளவர்ஸின் கதை அது. ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் நுழையலாம் என்று யோசிக்க 2017-இல் ஏழு எபிசோடுகளும் ஒரே நாளில் வெளியான 'எஸ்-டவுன்'. எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ள 'கேலிஃபேட்' (2018). அதைப் பற்றிக் கீழே விரிவாக இருக்கிறது.

கேட்கும்போது கையில் பேனா இருக்கட்டும். எந்த நிமிடத்தில் எந்தத் தகவல் வருகிறது, அதைச் சொல்வது நிருபரா, சாட்சியா, ஆவணமா என்று குறியுங்கள். இரண்டு எபிசோடுகளுக்கு இப்படிச் செய்தாலே கட்டுமானம் புலப்பட்டுவிடும்.

எந்தக் கதை பல எபிசோடுகளைத் தாங்கும்?

மூன்று விஷயங்கள் வேண்டும்: பேச முன்வரும் மனிதர்கள், கைக்குக் கிடைக்கும் ஆவணங்கள், ஒற்றை வரியில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இதில் பலரும் கோட்டைவிடுவது கேள்வியில்தான். "யார் செய்தது?" என்ற கேள்வியை மட்டும் நம்பி இறங்கினால், விடை கிடைக்காவிட்டாலும் தொடர் விழும், வேறொருவர் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிட்டாலும் விழும்.

'இன் தி டார்க்' முதல் சீசன் இதற்கு நல்ல பாடம். மினசோட்டாவில் 1989-இல் கடத்தப்பட்ட ஜேக்கப் வெட்டர்லிங் என்ற சிறுவனின் வழக்கு. தொடர் வெளியாகச் சில நாட்களே இருந்த நிலையில், 2016 செப்டம்பரில், குற்றவாளி ஒப்புக்கொண்டார். "யார்" என்பதை மையமாக வைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, போலீஸ் விசாரணை ஏன் ஏறக்குறைய 27 ஆண்டுகள் தோற்றது என்பது. அதனால் ஒப்புதல் வாக்குமூலம் கதையைக் கெடுக்காமல் கூர்மையாக்கியது.

எத்தனை எபிசோடுகள்? எவ்வளவு நீளம்?

ஆறு முதல் பத்து வரை, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். முதல் முயற்சிக்கு ஆறே அதிகம். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு சிறு கேள்வி, அதற்கு ஒரு விடை, அந்த விடையிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வி என்று தாளில் எழுதிப் பாருங்கள். நான்காவது, ஐந்தாவது எபிசோடுகளில் "பின்னணி விவரம்" என்று எழுத நேர்ந்தால் அந்த இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

விசாரணை முடிவதற்கு முன்பே வெளியிடத் தொடங்கலாமா?

'சீரியல்' முதல் சீசன் அப்படித்தான் ஓடியது. தொடர் வெளியாகிக்கொண்டிருந்தபோதே நிருபரின் வேலையும் நடந்தது. கேட்பவர்களிடமிருந்து புதிய சாட்சிகள் வருவார்கள் என்பது இதன் பலம். 'தி டீச்சர்ஸ் பெட்' தொடரும் (2018) அப்படி வந்த தகவல்களால் வளர்ந்தது. சிட்னியில் 1982-இல் காணாமல் போன லினெட் டாசன் என்ற பெண்ணைப் பற்றிய தொடர் அது.

ஆனாலும் முதல் முறை இறங்குகிறவர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரண்டாம் எபிசோடில் நம்பகமானவராக அறிமுகப்படுத்திய சாட்சி பொய் சொன்னார் என்று ஆறாம் எபிசோடுக்கான வேலையில் தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? இடைப்பட்ட வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பொய்யை நம்பியிருப்பார்கள். அந்தச் சாட்சியால் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டு வாசலில் யாராவது போய் நின்றிருக்கவும் கூடும்.

கடைசி எபிசோடின் ஸ்கிரிப்ட் ஓரளவாவது எழுதி முடித்த பிறகே முதல் எபிசோடை வெளியிடுங்கள். குறைந்தது, மையமான எல்லாப் பேட்டிகளும் முடிந்திருக்க வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரின் பதில் கையில் இருக்க வேண்டும். முதல் மூன்று எபிசோடுகளாவது சரிபார்ப்பு முடிந்து தயாராக இருக்க வேண்டும். கேட்பவர்கள் தரும் புதிய தகவலுக்கு இடம் வேண்டுமானால், கடைசியில் ஒரு கூடுதல் எபிசோடுக்கு வாய்ப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களைச் சேர்ப்பதும் அடுக்குவதும் எப்படி?

முதல் நாளே ஒரு காலவரிசை அட்டவணை தொடங்குங்கள். ஐந்து பத்திகள் போதும்: தேதி, நேரம், நடந்தது, அதற்கு ஆதாரம், ஆதாரத்தின் பக்க எண் அல்லது பதிவின் நிமிடம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு பேர் இரண்டு நேரம் சொன்னால் இரண்டையும் தனித்தனி வரிகளாகப் போடுங்கள். எது சரி என்று அவசரப்பட்டுத் தீர்மானித்து ஒன்றை அழித்துவிடாதீர்கள். வழக்கின் முடிச்சு பல நேரம் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

வழக்குக் கோப்பில் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். குறுக்கு விசாரணைப் பதிவு, சாட்சிப் பட்டியல், தள்ளுபடியான மனுக்கள், பொருட்பட்டியல் எல்லாவற்றையும் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் கூண்டில் ஏறாத சாட்சி யார் என்று தேடுங்கள். முதல் பேட்டிக்கு ஏற்ற ஆள் அவர்தான்.

ஃபிளவர்ஸ் வழக்கில் 'இன் தி டார்க்' குழுவினர் நீதிமன்றங்களில் 1,15,000-க்கும் மேற்பட்ட பக்கங்களைப் படமெடுத்து, 225 விசாரணைகளில் ஜூரிகள் (தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுக்கப்படுபவர்கள்) தேர்வான விதத்தைக் கணக்கிட்டார்கள். ஃபிளவர்ஸ் மீது வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் கறுப்பினத்தவரை நிராகரித்த விகிதம், வெள்ளையரை நிராகரித்ததைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. எந்தச் சாட்சியின் கண்ணீரும் தர முடியாத வலு அந்தக் கணக்குக்கு இருந்தது. 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜூரித் தேர்வில் இருந்த இனப் பாகுபாட்டைக் காரணம் காட்டித் தண்டனையை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது.

பேட்டிப் பதிவில் என்னென்ன கெட்டுப்போகும்?

பெரும்பாலும் அறைதான் கெடுக்கும், மைக் அல்ல. வெறும் சுவர், கண்ணாடி, டைல்ஸ் தரை எல்லாம் எதிரொலிக்கும். துணியும் மெத்தையும் புத்தக அலமாரியும் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடாமலிருக்க உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைப்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் அளவில், நேருக்கு நேராக இல்லாமல் சற்றே சாய்வாக இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப', 'ப்ப' வரும் இடமெல்லாம் மூச்சு வெடிக்கும். உரத்த பேச்சு மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி அளவை வையுங்கள். குரல் திடீரென்று உயர்ந்தாலும் உடையாது. பதிவின் வடிவம்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒற்றைத் தடத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி எடுக்கும். கார்டில் இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். காதில் ஹெட்போன் இல்லாமல் பதிவு செய்யவே கூடாது. பேட்டி தருபவர் கூச்சப்படுவாரே என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தான் மைக்கில் உரசிய சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்டவர்கள் அநேகம்.

முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூட எடிட்டருக்கு அது வேண்டும். அன்றிரவே மூன்று பிரதிகள்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறோர் இடத்தில்.

கேள்விகள் விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று கேட்டால் "கஷ்டமா இருந்துச்சு" என்பதோடு நின்றுவிடும். "போன் வந்தப்போ எங்கே உட்கார்ந்திருந்தீங்க? முதல்ல என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். உணர்வு தானாக வரும்.

நேரில் போக முடியாதவரைப் போனில் பேட்டி எடுத்தால்?

அவர் பக்கத்தில் இன்னொரு கைபேசியை வாயருகே வைத்து, அதிலுள்ள குரல் பதிவுச் செயலியை ஓடவிடச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் பக்கம் தனியாகப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் இருவரும் ஒருமுறை கைதட்டினால் பிற்பாடு இரண்டு தடங்களையும் பொருத்துவது எளிது. நீண்ட பேட்டியில் இரு கருவிகளின் கடிகாரமும் மெல்ல விலகும் என்பதால் முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள்.

தெரியாமல் பதிவு செய்யலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலமே மாறுகிறது: சிலவற்றில் உரையாடலில் ஒருவர் சம்மதித்தால் போதும், சிலவற்றில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சட்டம் அனுமதித்தாலும் அதைக் கடைசி வழியாகவே வையுங்கள். வேறு எந்த வழியிலும் கிடைக்காத, பொதுநலன் தெளிவாக இருக்கிற தகவலுக்கு மட்டும், வழக்கறிஞரையும் ஆசிரியரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வழக்கமான பேட்டியில் பதிவு ஓடத் தொடங்கியதும் முதல் வாக்கியமாகச் சம்மதத்தைக் கேட்டு, அவர் குரலிலேயே பெயரையும் தேதியையும் சொல்ல வையுங்கள்.

அடையாளத்தை மறைக்க விரும்புகிறவரின் குரலை மாற்றினால் போதுமா?

போதாது. சுருதியை மட்டும் ஏற்றி இறக்கிய குரலைப் பழையபடி திருப்பிவிட முடியும். திருப்பாவிட்டாலும் வட்டார வழக்கு, அடிக்கடி சொல்லும் வார்த்தை, மூச்சு வாங்கும் விதம் எல்லாம் தெரிந்தவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். அவர் சொன்னதை அப்படியே இன்னொருவர் வாசிக்கட்டும். அப்படி வாசிக்கப்படுகிறது என்பதைக் கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பின்னணிச் சத்தத்தையும் கவனியுங்கள்: தொழிற்சாலைச் சங்கோ கோயில் மணியோ இடத்தைச் சொல்லிவிடும்.

கைவசம் 60 மணி நேரப் பதிவு இருக்கிறது. ஸ்கிரிப்ட் எங்கே தொடங்குகிறது?

எழுத்தாக்கத்தில், அதாவது பதிவிலுள்ள பேச்சை எழுத்தில் இறக்குவதில், தொடங்குகிறது. தானியங்கி எழுத்தாக்கம் தேடுவதற்கு உதவும். பேச்சுத் தமிழையும் வட்டார வழக்கையும் அது அடிக்கடி தவறாகப் பிடிக்கும் என்பதால் மேற்கோளுக்கு உதவாது. பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வரியையும் காதால் கேட்டுத் திருத்துங்கள். பிறகு சிறந்த பகுதிகளை நிமிட எண்ணோடு தனித்தனி அட்டையில் எழுதி, மேசையில் பரப்பி அடுக்குங்கள். நிருபரின் விவரிப்பை அதன் பிறகே எழுத வேண்டும். விவரிப்பை முதலில் எழுதினால் சாட்சிகள் உங்கள் கட்டுரைக்கு ஒத்து ஊதுகிறவர்களாகிவிடுவார்கள்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள் உண்டு. நம் வாக்கியத்தில் "என்று போலீஸ் அறிக்கை கூறுகிறது" என்பது கடைசியில் வருகிறது. படிப்பவருக்கு அது பிரச்சினை இல்லை. கேட்பவரோ அதற்குள் முன்பாதியை உண்மை என்று எடுத்துக்கொண்டிருப்பார். எனவே முதலில் ஆதாரம்: "போலீஸ் அறிக்கை சொல்வது இது." அதன் பிறகு செய்தி.

இரண்டாவது, 'ஆம்' விகுதி. "போனாராம், பார்த்தாராம்" என்பது கேள்விப்பட்டதைச் சொல்ல நல்ல கருவிதான். குரலில் வரும்போது அது "கதை விடுகிறார்" என்ற ஏளனமாகவும் ஒலிக்கும். சாட்சி சொன்னதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது, 'அவன்', 'அவர்'. சந்தேகத்துக்குரியவரை 'அவன்' என்றும் பாதிக்கப்பட்டவரை 'அவர்' என்றும் சொன்ன கணமே தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். எல்லோருக்கும் 'அவர்' என்று தொடங்கிக் கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள்.

எபிசோடு முடிவில் பரபரப்பு வைப்பது ஏமாற்று வேலையா?

தகவலை எந்த வரிசையில் சொல்வது என்பது உங்கள் உரிமை. கேட்பவர் ஒருவரைப் பற்றித் தவறான முடிவுக்கு வரும்படி ஒரு தகவலை ஒளித்து வைப்பது அந்த உரிமைக்குள் வராது. ஒருவர் குற்றவாளிபோலத் தோன்றும்படி எபிசோடை முடித்து, அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்பதை அடுத்த வாரம் சொன்னால், அந்த ஒரு வாரமும் நீங்கள் தெரிந்தே ஓர் அவதூறைப் பரப்பியிருக்கிறீர்கள். அடுத்த எபிசோடைக் கேட்காமலே விட்டுவிடுபவர்களும் உண்டு. ஒவ்வொரு எபிசோடையும் தனியாகக் கேட்டாலும் யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாது. குற்றச்சாட்டு வரும் அதே எபிசோடில் மறுப்பும் வந்தாக வேண்டும்.

முடிவில் வைக்க நல்ல கொக்கி, நிருபர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது: கதவைத் தட்டப்போகிறார், பெட்டியைத் திறக்கப்போகிறார். இதில் யார் பெயரும் கெடுவதில்லை.

இசை?

குறைவாக. ஒருவர் பெயர் வரும்போது இருண்ட இசை எழும்பினால் அதுவும் ஒரு குற்றச்சாட்டுதான். தகவல் சரிபார்ப்பவர் இசையையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

தகவல் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது?

ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடிக்குறிப்பு: எந்த ஆவணம், எந்தப் பக்கம், எந்தப் பதிவு, எந்த நிமிடம். "அன்று மழை பெய்தது" என்றாலும் வானிலைப் பதிவு வேண்டும். சரிபார்ப்பவர் நிருபராக இருக்கக் கூடாது. அந்தக் கதையோடு ஒட்டுதல் இல்லாதவராக இருக்க வேண்டும். விவரிப்பை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் ஆனது. பேட்டியில் சாட்சி சொல்லும் தேதியும் ஊரும் தொகையும் உங்கள் பொறுப்பே. அவர் தவறாகச் சொன்னால் அடுத்த வரியிலேயே நீங்கள் திருத்த வேண்டும். பிறகு வெட்டல்கள்: 'ம்', 'வந்து' எல்லாம் நீக்கலாம், வேறு கேள்விக்குச் சொன்ன பதிலை இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒட்டக் கூடாது.

'கேலிஃபேட்' எங்கே தவறியது என்பதை இங்கே பார்க்க வேண்டும். சிரியாவில் பயங்கரவாத அமைப்பில் சேர்ந்து கொலைகள் செய்ததாகக் கனடாவைச் சேர்ந்த ஒருவர் சொன்ன கதைதான் அதன் முதுகெலும்பு. அவர் சொன்ன தேதிகள் பொருந்தவில்லை என்பதைக் குழுவினர் கண்டுபிடித்தார்கள்; தொடரிலேயே ஒரு எபிசோடாகவும் வைத்தார்கள். ஆனால் சந்தேகம் கதையின் ஒரு திருப்பமாக மாறியதே தவிர, தொடரை நிறுத்தவில்லை. 2020 செப்டம்பரில் பயங்கரவாதப் புரளி கிளப்பியதாகக் கனடா போலீஸ் அவரைக் கைது செய்தது. டிசம்பரில், அதைத் தயாரித்த நியூயார்க் டைம்ஸ், அந்தத் தொடர் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கிடைத்திருந்த பீபடி என்ற ஒலி, ஒளிபரப்பு விருதைத் திருப்பித் தந்தது. ஒரே மனிதரின் சொல்லில் தொடர் நின்றால், அவர் சொன்னவற்றில் தனியாகச் சரிபார்க்கக்கூடியவை எவை என்று முதல் மாதமே பட்டியலிடுங்கள். முக்கியமானதொன்று பொய்த்தால் ஆளையே மாற்றுங்கள், அல்லது கதையைக் கைவிடுங்கள்.

குற்றம் சாட்டப்படுபவரிடம் எப்போது, எப்படிப் பதில் கேட்பது?

எழுத்தில். "உங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்கிறோம், பேச முடியுமா?" என்ற பொதுவான கடிதம் பதில் கேட்டதாக ஆகாது. சொல்லப்போகும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எண்ணிட்டு, தேதியோடு எழுதி, படித்துப் பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். பழைய ஆவணங்களைத் தேட வேண்டியிருந்தால் இரண்டு வாரம் வரை கொடுப்பது முறை. மின்னஞ்சல், பதிவுத் தபால் என இரண்டு வழிகளில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதில் வராவிட்டால் எத்தனை முறை, எந்தெந்த வழியில் முயன்றீர்கள் என்று எபிசோடில் சொல்லுங்கள். "பேச மறுத்துவிட்டார்" என்பதும் "எங்களால் அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்பதும் ஒன்றல்ல.

வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது வெளியிடலாமா?

வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் வேண்டாம். 'தி டீச்சர்ஸ் பெட்' வெளியான அதே ஆண்டு டிசம்பரில் லினெட்டின் கணவர் கிறிஸ் டாசன் கைதானார். நியாயமான விசாரணைக்கு இடையூறாகும் என்பதால் 2019-இல் ஆஸ்திரேலியாவில் அந்தத் தொடர் நீக்கப்பட்டது. 2022-இல் ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரித்து அவரைக் குற்றவாளி என்றார். பாட்காஸ்டைக் கேட்டதால் சாட்சிகளின் நினைவே மாசுபட்டது என்பது டாசன் தரப்பின் வாதங்களில் ஒன்று. அதனால்தான் ஒரு சாட்சியிடம் இன்னொரு சாட்சி சொன்னதைச் சொல்லிக் கேட்கக் கூடாது. வெட்டாத முழுப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பாதிக்கப்பட்டவரின் குடும்பம் பேச மறுத்தால்?

அது அவர்கள் உரிமை. செய்தி வெளியாகப்போகிறது என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். எந்த நாளில், என்னென்ன வரும் என்றும் சொல்லுங்கள். குடும்பத்தின் துயரம் வரும் எபிசோடுகளில் விளம்பர இடைவெளி எங்கே வரும் என்பதை நீங்களே குறித்துவிடுங்கள். இடைவெளியைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் மென்பொருள், தாய் அழுது முடிப்பதற்குள் மெத்தை விளம்பரத்தைப் போட்டுவிடும்.

வெளியிடும்போது கவனிக்க வேண்டிய தொழில்நுட்ப விஷயங்கள்?

ஒட்டுமொத்த ஒலியின் உரப்பு, ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு), மோனோ என்றால் மைனஸ் 19. உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. எம்பி3 128 கேபிபிஎஸ் போதும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். எபிசோடுகளைச் செயலிகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். கோப்பின் அமைப்பில் நிகழ்ச்சி வகையை 'சீரியல்' (வரிசையாகக் கேட்க வேண்டியது) என்று மறக்காமல் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் சீசன் எண்ணும் எபிசோடு எண்ணும் கொடுங்கள். மாற்றாவிட்டால் புதிதாக வருபவருக்குக் கடைசி எபிசோடு முதலில் தெரியும். முடிவைக் கேட்டுவிட்டுத் தொடக்கத்துக்கு வருவார்.

தவறு வெளியாகிவிட்டால்?

கோப்பைத் திருத்தி மாற்றுங்கள், ஆனால் ஆர்.எஸ்.எஸ். கோப்பில் அந்த எபிசோடுக்கு உள்ள தனி அடையாளக் குறியை (ஜி.யு.ஐ.டி.) மாற்றாதீர்கள். மாற்றினால் செயலிகள் அதைப் புது எபிசோடாகக் காட்டும். ஏற்கெனவே தரவிறக்கியவர்களிடம் பழைய பிழையே இருக்கும் என்பதால், அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் குரலிலும், குறிப்புகளில் எழுத்திலும் சொல்லுங்கள். என்ன சொன்னோம், எது சரி, எப்போது திருத்தினோம் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

சீசன் முடிந்த பிறகு?

வழக்கு உங்களுக்காக நின்றுவிடாது. 'சீரியல்' சொன்ன அட்னான் சையத் வழக்கில் குற்றத்தீர்ப்பு 2022 செப்டம்பரில் ரத்தானது, 2023-இல் மேல்முறையீட்டில் திரும்ப வந்தது, 2024 ஆகஸ்டில் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில், குற்றத்தீர்ப்பு அப்படியே நிற்க, ஏற்கெனவே சிறையில் கழித்த காலம் போதும் என்று தண்டனை குறைக்கப்பட்டது. அந்த 12 எபிசோடுகளை மட்டும் இன்று முதன்முறையாகக் கேட்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு சிறு கூடுதல் எபிசோடு போடுங்கள். அதற்கு நேரமில்லாவிட்டால், முதல் எபிசோடின் குறிப்பில் தேதியிட்டு இரண்டு வரியாவது சேருங்கள்.